செல்வி மாதிரி ஒருத்தி

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் பர்வீன் ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். மாத்திரை கொடுத்த நேரம், கை கால் எவ்வளவு நேரம் இலகுவாக இருந்தது, எப்போது விறைத்துக்கொண்டது, சாப்பாடு, தூக்கம். "அப்புறம், இல்லாத எதையாவது பாக்காருன்னாலும் எழுதுங்கம்மா. பூச்சி, நாய், ஆளுங்க, எதுனாலும். சின்ன விஷயம்னு விட்டுராதீங்க." அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். இருந்தாலும் எழுதுங்கள் என்றார்.

எனவே முதலிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பெயர் தேவாசீர்வாதம். வயது அறுபத்து நாலு. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தார். எந்த வண்டி எத்தனை நிமிஷம் பிந்தி வந்தது, எது கிளம்பவே இல்லை என்று குறித்துவைக்கும் வேலை. நான் பாக்கியசெல்வி. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். ஒரே மகள் ஜெனிட்டா, பாளையங்கோட்டையிலேயே ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஆகஸ்ட் 28 கல்யாணம்.

இவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது வருஷம். முதலில் வலது பெருவிரல் மட்டும், எதையோ உருட்டுவது போல, சுட்டுவிரலோடு உரசிக்கொண்டே இருந்தது. இப்போது இரண்டு கையும் நடுங்குகிறது. நடை சில நேரம் நின்றுவிடும். வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நிற்பார்.

மாத்திரை காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு, இரவு எட்டு. வேளைக்கு ஒன்று. இன்று நேரம் தவறவில்லை.

ஜூன் 12, வியாழன்

நாகர்கோவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். கல்யாண விஷயம் பேச. ஆப்பமும் தேங்காய்ப்பாலும் செய்தேன். காப்பி கொடுக்கும்போது இவர் கை ஆடி, டம்ளர் சரிந்து, சம்பந்தியம்மா சேலையில் கொட்டிவிட்டது. பட்டு. "பரவாயில்ல, பரவாயில்ல" என்று அவர்களே துடைத்துக்கொண்டார்கள்.

போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "இந்த நடுக்கம் எதுனால? பிள்ளைகளுக்கும் வருமோ?" என்று கேட்டார்கள். வயசாகிறதல்லவா, அந்த நடுக்கம்தான் என்றேன். "அப்போ கோயிலுக்குள்ள பொண்ணைக் கூட்டிட்டு வாறது யாரு?" என்றார்கள். அவள் அப்பாதான், வேறு யார் என்றேன்.

ஜெனிட்டா காதில் விழுந்ததா தெரியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

மெடிக்கலுக்குப் போய் வந்தேன். பிரண்டைத் துவையல். மாத்திரை எட்டு, பன்னிரண்டு, நாலு, எட்டு.

ஜூன் 18, புதன்

மூன்று நாளாகக் கை நடுக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது. இன்று சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டார். ஜெனிட்டா பார்த்துவிட்டு, "அப்பா, கையே ஆடலயே! என்ன மாயம்?" என்றாள். அவர் சிரித்தார். அவர் முகம் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

வாய் உலர்கிறது என்கிறார். வெயில் அப்படி. வயிறு சரியாகப் போகவில்லை. பூவன்பழம் இரண்டு கொடுத்தேன்.

ஜூன் 25, புதன்

சாயங்காலம் ஜெனிட்டாவின் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் அவர் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. போய்ப் பார்த்தால் தனியே உட்கார்ந்திருக்கிறார்.

"ஏ செல்வி, நாலு பேரு எவ்வளவு நேரமா உக்காந்திருக்காவ. தண்ணி கிண்ணி குடுக்கக் கூடாதா?"

"யாருங்க?"

"வள்ளியூர் வண்டிக்கு நிக்காவ. அந்த வண்டி இன்னைக்கு இல்ல. சொன்னா அழுதிருவாவ போல இருக்கு. ஒருத்தி கைப்பிள்ளை வச்சிருக்கா."

சோபாவைப் பார்த்தேன். துவைத்த துணிதான் கிடந்தது. அவரிடம் பயம் ஏதும் இல்லை. டிப்போவில் ஜன்னல் வழியாகப் பயணிகளிடம் பேசுகிற அதே பொறுமை. நான் நாலு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தேன்.

"நீ நின்னா கூச்சப்படுதாவ. உள்ள போ" என்றார்.

போனேன். திரும்பி வந்தபோது நாலு டம்ளரும் காலி. அவர்தான் குடித்திருக்கிறார். தாகம் அப்படி இருக்கிறது.

தூக்கக் கலக்கமாக இருக்கும். டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 2, புதன்

டாக்டரிடம் போனோம். நோட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். நேரம் மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

கையை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே! நடுக்கம் எப்படி இவ்வளவு குறைஞ்சுது?" என்று ஆச்சரியப்பட்டார். ஜெபம்தான் என்றேன். "பழைய மாத்திரை எல்லாம் நிறுத்தியாச்சுல்ல?" என்று கேட்டார். தலையாட்டினேன். பிறகு அவரிடம் நேராக, "சார், ஆளுங்க யாராவது தெரியிறாங்களா? நிழல் மாதிரி?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் என் பையின் ஜிப்பைப் பார்த்தேன்.

"அப்பிடில்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார்.

இந்த நோட்டை டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன். நேரத்தைத் தனியே எழுதிக் காட்டிக்கொள்ளலாம். இது என்னோடு இருக்கட்டும்.

ஜூலை 4, வெள்ளி

ஜாக்கெட் முடிந்தது. கொக்கி மட்டும் பாக்கி.

ஜூலை 10, வியாழன்

நம் தெரு மெடிக்கலில், "இதைப் போன வாரம்தானம்மா வாங்குனீங்க" என்று கடைப் பையன் கேட்டான். எலி கடித்துவிட்டது என்றேன். இனிமேல் மார்க்கெட் பக்கம் வாங்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஜெனிட்டா அவரைக் கைபிடித்து ஆலயத்தின் நடுப்பாதையில் வாசலிலிருந்து பீடம் வரை நடத்திப் பார்த்தாள். கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. "வலது, இடது, வலது" என்று சொல்லிக்கொண்டே போனாள். பாதி வழியில் ஒரு தடவைதான் நின்றார். பீடத்துப் படியருகில் போய்த் திரும்பி, "எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார். "ரெண்டே கால் நிமிஷம்ப்பா." "பிந்தலையே" என்றார்.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆலயத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் எப்படித் தேறிவிட்டார் என்று கேட்டார்கள். நான் செய்தது சரி என்றுதான் தோன்றியது.

ஜூலை 15, செவ்வாய்

காலை எட்டு மணி மாத்திரையை நீட்டினேன். வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க குடுக்கீங்க. செல்வி எங்க?"

முப்பத்திரண்டு வருஷத்தில் என்னை அவர் 'நீங்க' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. விளையாடுகிறார் என்று நினைத்து, "செல்வி சந்தைக்குப் போயிருக்கா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அதன்பிறகு மத்தியானம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 17, வியாழன்

கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினேன். அதிலிருக்கும் என்னைத் தொட்டு, "இது செல்வி" என்றார். பிறகு என்னைப் பார்த்து மரியாதையாக, "நீங்களும் அச்சு அசலா அவளை மாதிரிதான் இருக்கீங்க. மூக்கு, பேச்சு, நடை எல்லாம் சரியா இருக்கு. ஆனா அவ இல்ல. உங்களை யாரு அனுப்புனது?" என்றார்.

ஜெனிட்டாவை நன்றாகத் தெரிகிறது. அவர் தம்பி ஐசக்கைத் தெரிகிறது. என்னை மட்டும்தான் தெரியவில்லை.

ஜெனிட்டா டாக்டரிடம் போவோம் என்கிறாள். கல்யாணம் முடியட்டும் என்றேன்.

ஜூலை 19, சனி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பகல் பதினொன்றுக்கு மொட்டை மாடியில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. அவர் எண். கீழே ஹாலில் இருந்து கூப்பிடுகிறார்.

"ஏ செல்வி! எங்க இருக்க நீ?"

பழைய குரல். என்னை ஒருமையில் கூப்பிட்ட குரல். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இங்கதாங்க இருக்கேன்."

"இங்கன்னா எங்க? நாலு நாளா ஆளைக் காணும். சீக்கிரம் வா செல்வி. வீட்டுல ஒருத்தி வந்து இருக்கா. உன் சேலையைக் கட்டிட்டு, உன் அடுப்புல பொங்குதா. ஜெனிட்டாவும் அவளை அம்மாங்கா. யாருமே கண்டுபிடிக்க மாட்டேங்காவ."

"அவ உங்களை எதுவும் செய்யுதாளா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாத்திரையில என்னமோ செய்யுதா. டாக்டர் சொன்னது ஒண்ணு. இவ குடுக்கது வேற. நான் எண்ணிப் பாத்துட்டேன்."

வற்றலில் காக்கை வந்து உட்கார்ந்தது. நான் விரட்டவில்லை. "நான் வந்திருதேங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கீழே இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஜூலை 22, செவ்வாய்

மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் மாடிக்குப் போய்ப் பேசினேன். சாப்பிடச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டுச் சாப்பிட்டார்.

ஹாலில் இப்போது ஏழு பேர் இருக்கிறார்களாம்.

ஜூலை 24, வியாழன்

அளவைக் குறைத்துப் பார்த்தேன். சாயங்காலமே கை ஆடத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மறுபடியும் பழையபடியே.

ஜூலை 27, ஞாயிறு

வந்தார்கள். அவர் கை ஆடாமல் அவர்களுக்குக் காப்பி எடுத்துக் கொடுத்தார். நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசினார். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து, "கர்த்தர் நல்லவர்" என்றார்கள்.

நான் அடுப்படியில் நின்று, அவர் 'நீங்க' என்று கூப்பிட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. என் நெற்றியில் நாலு தையல் போட்டிருக்கிறார்கள். இடது கண் வீங்கியிருக்கிறது.

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணி மாத்திரையை அவர் துப்பிவிட்டார். ஜெனிட்டா கல்லூரிக்குப் போயிருந்தாள். நான் கொஞ்சம் கட்டாயப்படுத்தினேன். தாடையைப் பிடித்து வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றினேன். என்னையும் மனுஷி என்று நினைத்துப் படிக்க வேண்டும், யார் படித்தாலும்.

அவர் எழுந்துவிட்டார். அந்த வேகத்தில் அவர் எழுந்து வருஷங்கள் ஆகின்றன. தையல் மெஷின் மேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். "செல்வியை என்ன செஞ்ச? எங்க புதைச்சு வச்சிருக்க?" என்று கத்தினார். கை அப்போதும் ஆடவில்லை, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கிட்டப் போனேன். தள்ளிவிட்டார். மெஷின் மூலையில் தலை இடித்தது. என்னை வாசலுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

உள்ளே அவர் போனில் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஐசக்கிடம். "எலேய் ஐசக், உன் மைனியைக் கொன்னுட்டாவடே. நான் பாத்துக்கிடாம விட்டுட்டேன்" என்று அழுதார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தோடு வெயிலில் நின்று, "நான் இருக்கேங்க, நான் இருக்கேங்க" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐசக் வந்து, ஜெனிட்டா வந்து, அவள் சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தார். ஆட்டோ பிடித்து மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் ஐசக், "மைனி, இங்க வந்தது வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும். யாருக்கும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கே டாக்டர் மாசிலாமணி என்று ஒருவர். சின்ன வயது. இவரைப் பார்த்து மிரளாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நாக்கு கட்டையா உலர்ந்து கிடக்கு. கண்ணு பாப்பா விரிஞ்சிருக்கு. அவர் ஒண்ணுக்குப் போயே ரொம்ப நேரமாச்சு போல. அம்மா, சீட்டுல இருக்கறதைத் தவிர வேற ஏதும் மாத்திரை குடுக்கீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரத்துக்கு நாங்க வழக்கமா போடற ஊசியை இந்த நோய்க்காரங்களுக்குப் போட்டா உடம்பு மரக்கட்டை ஆயிரும். உயிருக்கே ஆபத்தா முடியும். எதனால இப்படி ஆச்சுன்னு தெரியாம நான் எதையும் குடுக்க முடியாது."

"இல்ல டாக்டர்" என்று மறுபடி சொன்னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரைக் கட்டிலோடு துணியால் கட்டிவைத்திருந்தார்கள். அவர் எதிர்க்கவில்லை. நர்ஸிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த நர்ஸ் வெளியே வந்து, "செல்விங்கறது யாரு? அவங்க வர்ற நேரம், யாராவது வாசல்ல நில்லுங்கன்னு சொல்லுறாரு" என்றாள்.

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும்.

இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஜூன் 13 முதல் காலையும் மாலையும் நடுக்கத்துக்கான சின்ன வெள்ளை மாத்திரையைக் கொடுத்துவந்தேன். மறதி வருகிறது, புத்தி குழம்பும் என்று டாக்டர் பர்வீன் போன வருஷமே நிறுத்திய மாத்திரை. பழைய சீட்டைக் காட்டி வாங்கினேன். ஜூலை பத்திலிருந்து மூன்று வேளை. நடைக்கான பெரிய மாத்திரையையும் ஒன்றுக்கு ஒன்றரையாகக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்தது சரி.

ஜெனிட்டா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "எனக்காகவாம்மா?" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

"நான் கேட்டேனா உங்ககிட்ட? அப்பா நடந்து வரணும்னு ஒரு நாளாவது கேட்டேனா?"

கேட்கவில்லை. காப்பி கொட்டிய அன்றைக்கு எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டாக்டர் மாசிலாமணியும் டாக்டர் பர்வீனும் போனில் பேசிக்கொண்டார்கள். வெள்ளை மாத்திரை நின்றது. பெரிய மாத்திரை பழைய அளவுக்கும் கீழே. மனக்குழப்பத்துக்கு மிகச் சின்ன அளவில் வேறொன்று. அவரைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டார்கள்.

கை மறுபடி ஆடுகிறது. முன்னைவிட அதிகமாக.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆலயத்தில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் தெரிவிக்கவும் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நெற்றிக் கட்டைப் பார்த்துக் கேட்டவர்களிடம் ஜெனிட்டாவே, "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, தள்ளிட்டாங்க" என்றாள். நான் யோசித்து வைத்திருந்த பொய் தேவைப்படவில்லை.

என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அதற்கு முன் டாக்டர் பர்வீன் அறையில் அரை மணி நேரம் இருந்தேன். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருக்கலாம்.

"இது பைத்தியமா டாக்டர், நரம்பு வியாதியா?" என்று கேட்டேன்.

"வார்டு ரெண்டா இருக்கறதுனால வியாதியும் ரெண்டுன்னு நினைக்கோம். மூளை ஒண்ணுதானம்மா. கையை ஆட்டி வைக்கற அதே நோய்தான் ஹால்ல ஆளுங்களையும் உக்கார வைக்குது. உங்க முகத்தைப் பாத்தா அவருக்கு அடையாளம் தெரியுது, ஆனா இது நம்ம ஆளுங்கற அந்த ஒட்டுதல் வர மாட்டேங்குது. அதனால வேற யாரோன்னு மூளை முடிவு கட்டிருது. குரலை மட்டும் கேட்டா அந்த ஒட்டுதல் வந்திருது."

"என்னாலதானா?"

"இத்தனை வருஷம் ஆனவங்கள்ல நிறைய பேருக்கு இது தானாவே வருது. இவருக்கும் வந்திருக்கலாம். நீங்க குடுத்தது சீக்கிரம் வரவழைச்சிருக்கு, வேகமா வரவழைச்சிருக்கு. எவ்வளவு உங்களால, எவ்வளவு நோயாலன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது."

பிறகு இன்னொன்றும் சொன்னார். மாத்திரை கூடினால் நடப்பார், குழம்புவார். குறைந்தால் தெளிவார், விறைப்பார். இரண்டும் சேர்ந்து இனி கிடைப்பது கஷ்டம். "எதுன்னு நீங்க முடிவு பண்ணணும். இந்தத் தடவை என்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க."

தெளியட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஜெனிட்டா என் எதிரிலேயே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டாள். நோயின் பெயர், மனநலப் பிரிவில் எத்தனை நாள் இருந்தார், நான் மறைத்தது, மாத்திரை கொடுத்தது, ஒன்றும் விடாமல் சொன்னாள். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

மாப்பிள்ளை ரெஜின் தனியே வந்தான். இவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது, "அம்மாவுக்கு வருத்தம் இருக்கு அத்தை. வியாதியால இல்ல, மறைச்சதுனால. எனக்கு ஒண்ணுமில்ல. மாமா வீல்சேர்ல வரட்டும்" என்றான்.

அவனுக்குச் சோறு போட்டபோது என் கைதான் ஆடியது.

ஆகஸ்ட் 16, சனி

ஹாலில் ஒருவரும் இல்லையாம். "எல்லாருக்கும் வண்டி கிடைச்சிட்டு" என்றார்.

நான் இன்னும் 'நீங்க'தான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

குளிப்பாட்டித் துடைத்து உட்கார வைக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஸ்பூனால் ஊட்டுகிறேன். விழுங்கக் கஷ்டப்படுகிறார். ஒவ்வொரு வாய்க்கும், "உங்களுக்குச் சிரமம்" என்கிறார். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம் பேசுவது போல.

இப்போது போன் பிடிக்கவும் அவர் விரலுக்கு வரவில்லை. நானே மாடிக்குப் போய்க் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுத் தரச் சொல்லி ஜெனிட்டாவிடம் கேட்டேன். அவள் செய்தாள். "ஏ செல்வி" என்றார். பிறகு பேச்சு வரவில்லை. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.

மாடியிலிருந்து இறங்கி வந்தபோது ஜெனிட்டா படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம் நேற்று நடந்தது.

ஐசக் வீல்சேரைத் தள்ளினார். ஜெனிட்டா வெள்ளைச் சேலையில், ஒரு கையில் பூச்செண்டும் மறு கை அப்பாவின் தோளிலுமாக நடந்து வந்தாள். அவர் கை இரண்டும் மடியில் துள்ளிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். பீடத்தின் முன் ஐயர், "இந்தப் பெண்ணை ஒப்புக்கொடுப்பது யார்?" என்று கேட்டபோது, வெகுநேரம் முயன்று, "நான்" என்றார். ஒரு சொல். கடைசி பெஞ்சுவரை கேட்டது என்று ஐசக் சொன்னார்.

பிறகு அவரை முதல் வரிசையில் என் பக்கத்தில் நிறுத்தினார்கள். பாட்டு முடிந்து அமைதியான நேரத்தில் என்னைப் பார்த்துத் திரும்பி, "எங்க வீட்டம்மா வரலையே. மகள் கல்யாணம். அவளுக்காகக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்களேன்" என்றார். பின்வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். சம்பந்தியம்மா என் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"வந்துட்டு இருக்காங்க" என்றேன்.

சாயங்காலம் ஜெனிட்டா நாகர்கோவிலுக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

கஞ்சி. துணி. முதுகுக்கு எண்ணெய். மூன்று தடவை புரட்டிப் படுக்க வைத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

காலை பத்து மணி. காய்ந்த துணியை ஹாலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தேன். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"ஏ செல்வி."

போன் என் கையில் இல்லை. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்த?"

"இப்பதாங்க" என்றேன்.

"ஜெனிட்டா கல்யாணத்துக்குக்கூட நீ வரல."

"வர முடியாமப் போச்சு."

"நல்லா நடந்துது. நான்தான் கூட்டிட்டுப் போனேன்." மூச்சு வாங்கினார். ஒவ்வொரு சொல்லும் வெளியே வர நேரமாயிற்று. "இங்கன ஒருத்தி இருந்தா, செல்வி. உன்னை மாதிரியே."

"என்ன செஞ்சா?"

"என்னென்னமோ மாத்திரை குடுத்தா. நான் ஒரு நாள் பிடிச்சுத் தள்ளிட்டேன். மண்டையில ரத்தம் வந்துட்டு." கண் கலங்கியது. துடைத்துவிட்டேன். "அவ மோசமானவ இல்ல. எதுக்கோ பயந்துக்கிட்டே இருந்தா. அதுக்கப்புறமும் எனக்குச் சோறு ஊட்டுனா. குளிப்பாட்டுனா. அவளுக்குன்னு யாருமில்ல போல."

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. டாக்டரிடமும் மகளிடமும் சொல்ல முடிந்ததை இவரிடம் சொல்ல முடியவில்லை. இப்போதுதான் கிடைத்த முகத்தை மறுபடி பறிகொடுக்க எனக்குத் தைரியமில்லை.

"திரும்ப வந்திருவாளா?" என்றார்.

வரலாம் என்றுதான் டாக்டர் பர்வீன் சொல்லியிருக்கிறார். நல்ல நாளும் வரும், மறுபடி குழம்பும் நாளும் வரும் என்று.

"வந்தாலும் வருவா. வந்தா பயப்படாதீங்க. அவ குடுக்கதைச் சாப்பிடுங்க. நான் எங்கன்னு அவகிட்ட கேளுங்க, சொல்லுவா."

அதை யோசித்தார். என் நெற்றியைப் பார்த்தாரா, அதற்கும் மேலே சுவரைப் பார்த்தாரா, தெரியவில்லை.

"அந்தக் காயத்துக்கு மருந்து போட்டாவளா, அவளுக்கு?"

"போட்டாவ. ஆறிட்டு."

"நல்லது" என்றார். பிறகு தாடை விறைத்துக்கொண்டது. பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் என் மேலேயே இருந்தது. எழுந்தால் அந்தப் பார்வை மாறிவிடுமோ என்று நினைத்து, மடித்த துணிகளைக் கலைத்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினேன்.